16 வயது மகள் பங்க் இசை கேட்கக் கொழும்பு போக வேண்டும் என்கிறாள். விடலாமா?

கேள்வி: நாங்கள் களுவாஞ்சிக்குடி. மகளுக்கு 16 வயது. கறுப்பு நகப்பூச்சு, கிழிந்த ஜீன்ஸ், காதில் எந்நேரமும் பங்க் பாட்டு, வேகமாகக் கத்திப் பாடுகிற ஒரு வகை ராக் இசை. ஓ/எல் பரீட்சை முடிந்ததும் கொழும்பில் ஒரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டுமாம். இந்த வயதில் இப்படி இருந்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

பதில்:

நான் அப்படி இருந்தவள்தான் அக்கா. ஊர் ஆரையம்பதி, பள்ளிக்கூடம் மட்டக்களப்பு டவுனில். காலையில் கல்முனை பஸ்ஸில் ஏறி, காத்தான்குடி நெரிசல் தாண்டி, கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்று முகத்தில் அடிக்கும்போதுதான் கொஞ்சம் மூச்சு வரும். பின்னேரம் ரியூஷன், ஆறு மணிக்கு முன் வீடு. எங்கள் இடம் டவுனும் இல்லை, முழுக் கிராமமும் இல்லை. எந்தச் சந்தியில் நின்றாலும் ஒரு மாமி பார்த்துவிடுவா, நான் வீடு போய்ச் சேர முதல் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். என்னை யாருக்கும் தெரியாத ஒரு தெருவில் அரை மணி நேரம் நடக்க வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் ஆசை.

2012இல் எனக்கு 15 வயது. கொழும்பில் படித்துக்கொண்டிருந்த பெரியம்மாவின் மகன் விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய மெமரி கார்டை எனக்குத் தந்தார். பாதிப் பாட்டுகளுக்குப் பெயரே இல்லை. அதில் ஒரு படமும் கிடந்தது. ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயை முழுதாகத் திறந்து கத்துகிறாள். பல்லில் கம்பி. தோல் வெள்ளை இல்லை. எனக்கும் அப்போது பல்லில் கம்பி. ரியூஷனில் பொடியன்கள் என் பெயரை விட்டுவிட்டு ‘கம்பி’ என்றே கூப்பிடுவார்கள். சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளப் பழகியிருந்தேன். அந்தப் படத்தில் அவள் எதையும் பொத்தவில்லை.

அவர் பொலி ஸ்டைரீன், எக்ஸ்ரே ஸ்பெக்ஸ் என்ற குழுவின் பாடகி. 1957இல் லண்டனை ஒட்டிய புரொம்லியில் பிறந்தவர். தகப்பன் சோமாலியர். 1976 ஜூலையில், தன் 19ஆவது பிறந்தநாளன்று, ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில் கடலுக்குள் நீட்டிக் கட்டிய மண்டபம் ஒன்றில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் குழு வாசித்ததைப் பார்த்தார். கூட்டம் மிகக் குறைவு. ஆனால் அதைப் பார்த்த கையோடு ஓர் இசைப் பத்திரிகையில் விளம்பரம் போட்டு ஆள் தேடித் தன் குழுவைத் தொடங்கிவிட்டார். இதைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அந்தத் திறந்த வாய் மட்டும்தான்.

சரி, மகளின் கோலத்துக்கு வருவோம். பங்க் ஆட்கள் உடுப்பில் சேப்டி பின் குத்துவார்கள் என்று பார்த்து, நானும் ஒன்றை எடுத்துக் காதில் தோட்டுக்குப் பதிலாக மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இரண்டாம் பாடத்திலேயே பிடிபட்டு, அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். கந்தோர் வாசலில் அம்மா எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டா. பஸ்ஸில் வரும்போது ஒன்றும் பேசவில்லை. பாலம் தாண்டியதும் என் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தா.

“இது என்ட கொடியில கிடந்த பின்தானே மனே?”

ஓம், அதேதான். அம்மா தாலிக்கொடியில் எப்போதும் நாலைந்து சேப்டி பின் கோர்த்து வைத்திருப்பா. சேலைக்கு ஒன்று, பிள்ளைகளின் பட்டன் கழன்றால் ஒன்று, காலில் முள் ஏறினால் எடுக்க ஒன்று. கறுத்துப்போன, வாய் கொஞ்சம் வளைந்த பின்னை நான் எடுத்திருந்தேன். அதை அம்மா திருப்பிக் கேட்டா, நாளைக்குச் சேலைக்கு வேணுமாம். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னா: “தொண்ணூறில ஊரை விட்டு ஓடக்குள்ள கிழிஞ்ச சட்டையைச் சேப்டி பின்னால குத்தித்தான் மூணு மாசம் உடுத்தினன்.” அம்மா அந்தக் காலத்தைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் வசனம் அது. உங்கள் மகளின் கிழிந்த ஜீன்ஸைப் பார்க்கும்போது உங்களுக்கு வரும் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஓரளவு புரியும். கிழிசலை மறைக்கப் பாடுபட்டவர்கள் நீங்கள். அவள் காசு கொடுத்துக் கிழிந்ததை வாங்குகிறாள். ஒரு நாள் இருந்து இதை அவளிடம் சொல்லுங்கள், திட்டாமல். நான் அன்றைக்கு பஸ்ஸில் கேட்டதை எந்தப் பாட்டிலும் கேட்டதில்லை.

2013 டிசம்பரில் ஓ/எல் எழுதி முடித்தேன். அடுத்த மாதம் அப்பாவோடு இரவு ரயிலில் கொழும்பு. வெள்ளவத்தையில் பெரியம்மா வீடு. சனிக்கிழமை, மெமரி கார்டு தந்த அந்த அண்ணா என்னை ஒரு நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போனார். வாடகைக்கு எடுத்த சின்ன மண்டபம், நூறு பேர்கூட இல்லை. மெட்டலும் பங்கும் கலந்து நாலைந்து குழுக்கள். முதல் குழு வாசித்து முடிந்ததும் அதன் ட்ரம்ஸ்காரர் இறங்கி வந்து அடுத்த குழுவுக்கு வயர் பிடித்துக் கொடுத்தார். மேடை என்று தனியாக ஒன்றும் இல்லை. கிற்றார்காரரின் சப்பாத்துக்கும் என் செருப்புக்கும் நடுவே இரண்டு அடிதான். இரைச்சல் நெஞ்சு எலும்பில் தெரிந்தது. பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பல்லுக் கம்பியோடு வாயைத் திறந்து கத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் என் மனதில் நின்றது அதன் முடிவு. எட்டு மணி தாண்டியதும் பிள்ளைகள் போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவர் பாணந்துறை, இருவர் ராகம, ஒரு கூட்டம் கம்பஹா. ரயிலைத் தவறவிட்டால் வீடு போக முடியாது. கடைசிக் குழு பாதி மண்டபத்துக்குத்தான் வாசித்தது. நான் கொழும்பு என்று நினைத்து ஏங்கிய இடத்தில் இருந்தவர்கள் என்னைப் போலவே வெளியே இருந்து பஸ்ஸும் ரயிலும் பிடித்து வந்த பிள்ளைகள்.

பங்கின் கதையே இதுதான் என்று பிறகு தேடி வாசித்தபோது தெரிந்தது. நியூயோர்க்கின் ரமோன்ஸ் குழுவினர் நாலு பேரும் குயீன்ஸ் பகுதியில் உள்ள ஃபொரெஸ்ட் ஹில்ஸ்காரர்கள். அமைதியான, நடுத்தரக் குடும்பங்கள் வாழும் இடம். அங்கிருந்து மன்ஹட்டனில் சிபிஜிபி என்ற இருண்ட பாருக்கு வந்து 1974இல் வாசிக்கத் தொடங்கினார்கள். 1976இல் வந்த முதல் இசைத்தட்டில் 14 பாட்டு, மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை. செலவு ஏறக்குறைய 6,400 டொலர்தான். லண்டனிலும் அப்படியே. செக்ஸ் பிஸ்டல்ஸைச் சுற்றித் திரிந்த ஒரு கூட்டத்துக்குப் பத்திரிகைகள் ‘புரொம்லிக் கூட்டம்’ என்றே பெயர் வைத்தன, அந்தப் புறநகரில் இருந்து வந்தவர்கள் என்பதால். நகரத்தின் நடுவிலேயே பிறந்தவருக்கு அந்தத் தவிப்பு வராதோ என்னவோ. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் வெளிச்சம் பார்ப்பவருக்குத்தான் வரும்.

ஊர் திரும்பிய பிறகு நானும் இரண்டு தோழிகளும் ஒரு பத்திரிகை செய்தோம். இதுவும் வாசித்ததில் பிடித்துக்கொண்ட யோசனைதான். 1976இல் லண்டனில் மார்க் பெரி என்ற 19 வயது வங்கி எழுத்தர், சின்ன வயதில் கிடைத்த தட்டச்சுப் பொறியில் அடித்து, தலைப்புகளை மார்க்கரால் கிறுக்கி, போட்டோகொப்பி எடுத்து ஒரு பங்க் பத்திரிகை நடத்தினார். முதல் இதழ் 50 பிரதிதான். எங்களுடையது 20. ஏ4 தாளை நடுவே மடித்து, கையெழுத்தில், தமிழில். இரவு ஏழு மணிக்குப் பிறகு ஒரு பெட்டை தனியே நடந்துபோகக்கூடிய தெரு எது என்று எங்கள் ஊரை வரைபடமாகப் போட்டோம். அதிகம் வரையத் தேவைப்படவில்லை. போட்டோகொப்பிக் கடை அண்ணன் முதல் இதழை நின்று வாசித்துவிட்டு, இரண்டாம் இதழுக்குப் பாதிக் காசுதான் வாங்கினார்.

“எங்களுக்குத்தான் கூத்து இருக்கே, வெள்ளைக்காரன்ட இரைச்சல் எதுக்கு?” என்று சித்தப்பா கேட்டார். உங்களிடமும் கேட்பார்கள். எனக்குக் கூத்து உயிர். வடமோடிக் கூத்தில் மத்தளம் தொடங்கினால் இன்றைக்கும் காலில் தாளம் ஏறும். தோட்டக்காரரும் மேசனும் மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகி, அண்ணாவியாரிடம் அடியும் பேச்சும் வாங்கி, தங்கள் ஊர் நடுவில் வட்டக்களரி போட்டு ஆடுவது எவ்வளவு பெரிய விஷயம். ஆனால் அந்தக் களரியில் பெண் வேடத்தையும் ஆண்கள்தான் கட்டி ஆடினார்கள். எனக்கு இருந்த இடம் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிற இடம். கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பெண் பிள்ளைகள் கூத்தாடுவதைப் பிறகு பார்த்துக் கண் கலங்கினேன். 15 வயதில் எனக்கு அது தெரியாது. வாயைத் திற என்று எனக்குச் சொன்னது, சோமாலியத் தகப்பனுக்குப் பிறந்த ஒரு லண்டன் பெண். 1978 ஏப்ரல் 30இல் லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிராக நடந்த பெரிய கூட்டத்தில் அவருடைய குழுவும் வாசித்தது. வெள்ளைக்காரன் இரைச்சல் என்று ஒரே சொல்லில் தள்ளுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

குடி, போதை பற்றி உங்களுக்குப் பயம் இருக்கும். பயப்பட வேண்டியதுதான், பங்கில் அதனால் அழிந்தவர்கள் உண்டு. அதற்கு எதிராக எழுந்த பிள்ளைகளும் அதே பங்கில்தான் இருந்தார்கள். அமெரிக்காவில் வயது குறைந்தவர்களுக்கு மது கொடுக்கக் கூடாது என்று மண்டப வாசலிலேயே புறங்கையில் மார்க்கரால் பெரிய எக்ஸ் போட்டு விடுவார்கள். 1980 வாக்கில் வொஷிங்டன் பிள்ளைகள் அதையே தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். குடிக்க மாட்டோம் என்று பெருமையாகக் கையில் எழுதினார்கள். மகளிடம் அந்த வொஷிங்டன் பிள்ளைகளின் மைனர் திரெட் குழுவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் பெயர் சொன்னதுமே அவள் முகம் மாறும்.

ஆகவே விடுங்கள் அக்கா, தனியே இல்லாமல். அண்ணன் முறையில் நம்பிக்கையான ஒருவர் கூடப் போகட்டும். மண்டபம் எங்கே, எத்தனை மணிக்கு முடியும், எதில் திரும்பி வருவது என்பதை அவளே எழுதித் தர வேண்டும். சத்தத்தைக் குறைக்கக் காதில் வைக்கும் இயர்பிளக் கொடுத்துவிடுங்கள், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்கு இரண்டு நாள் காது இரைந்தது. முடிந்தால் போக முதல் ஒரு பாட்டை அவளோடு இருந்து கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னா. ஆனால் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுச் சொன்னா.

எங்கள் பத்திரிகை நாலு இதழோடு நின்றுவிட்டது. மூன்றாம் இதழில் எட்டுப் பிரதி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. மகளுக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.