தசை பிடிப்பதும் விடுவதும்: கேள்வி பதில்

கொழும்பில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் பதிலளிக்கிறார்.

வெள்ளவத்தை மாணவி: சேர், தசை சுருங்கும்போது அதற்குள் இருக்கும் அக்ரின், மயோசின் என்னும் புரத இழைகளும் குறுகுகின்றனவா?

இல்லை மகள். இழைகளின் நீளம் மாறுவதில்லை. மெல்லிய அக்ரின், தடித்த மயோசினுக்கு ஊடே வழுக்கிச் செல்கிறது. 1954 இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே கண்டு, ‘நேச்சர்’ சஞ்சிகையின் ஒரே இதழில் எழுதின. இரு குழுவிலும் ஒரு ஹக்ஸ்லி இருந்தார்; இருவரும் உறவினர் அல்லர். நுணுக்குக்காட்டியில், மயோசின் இருக்கும் கரிய பட்டையின் அகலம் அப்படியே இருக்கும். அக்ரின் மட்டும் இருக்கும் வெளிறிய பட்டைதான் ஒடுங்கும். விடைத்தாளில் இந்த வரியை விட்டுவிட வேண்டாம்.

கொட்டாஞ்சேனை வாசகி: சந்தையில் வாங்கும் புது மீன் விறைத்துக் கிடக்கிறது. செத்த பிறகு தசையை எது இறுக்குகிறது?

மிக நல்ல கேள்வி, அக்கா. முழு விஷயமும் இதற்குள்தான் இருக்கிறது. மயோசின் இழையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தலை அக்ரினைப் பற்றிச் சில நனோமீற்றர் தூரம் இழுக்கிறது. இழுத்து முடித்ததும் பிடி தானாகக் கழலாது. ஏரிபி என்னும் சக்தி மூலக்கூறு புதிதாக ஒன்று வந்து தலையில் ஒட்டினால்தான் கழலும். பிறகு அந்த ஏரிபி உடைய, தலை நிமிர்ந்து அடுத்த இழுப்புக்குத் தயாராகிறது. கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பதுபோல, ஒன்று பிடிக்க ஒன்று விடுகிறது. செத்த மீனில், தலைகளை அக்ரினில் பற்றவைக்கும் கல்சியம் கசிகிறது, ஏரிபி தீர்ந்துவிடுகிறது. பற்றிய தலைகள் பற்றியபடியே நின்றுவிடுகின்றன. பின்னர் நொதியங்கள் புரதங்களை வெட்டத் தொடங்கும்போதுதான் சதை தளர்கிறது. இறந்த மனித உடல் விறைப்பதும் இப்படித்தான்.

தெஹிவளை வாசகர்: அப்படியானால் தசை தளர்வது ஓய்வு இல்லையா?

மூலக்கூறு மட்டத்தில் அதுவும் வேலைதான். துரோபோமயோசின் என்னும் புரதம் அக்ரினின் பிடியிடங்களை மறைத்துக்கொண்டு கிடக்கும். நரம்பின் கட்டளை வந்ததும், தசைக்கலத்தின் சேமிப்புப் பைகளிலிருந்து கல்சியம் பாய்ந்து, அதனோடு சேர்ந்திருக்கும் துரோபோனின் என்னும் புரதத்தில் ஒட்ட, அந்த மறைப்பு விலகும். தளர வேண்டுமானால் கல்சியத்தைத் திரும்பவும் பைக்குள் ஏற்ற வேண்டும். இரண்டு கல்சியம் அயன்களுக்கு ஒரு ஏரிபி செலவு. சுருக்கத்தைப் பக்கம் பக்கமாக எழுதும் பிள்ளைகள் தளர்வை ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

காலிமுகத்திடலில் ஓடும் இளைஞர்: கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும் ஏரிபி தீர்ந்துபோவதாலா?

இல்லை தம்பி. உயிருள்ள தசையில் ஏரிபி அந்தளவுக்குத் தீர்வதில்லை. அங்கே நரம்புதான் ஓயாமல் சுருங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. முழங்காலை நீட்டி, கால் விரல்களை உங்கள் பக்கமாக மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். அடிக்கடி வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.