டூயோலின் நெபுலைசர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு வயது 68, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) இருக்கிறது. சால்புடமால் பம்ப் (இன்ஹேலர்) ஏற்கெனவே உண்டு. இப்போது நெபுலைசரில் (மருந்தைப் புகையாக்கி இழுக்கவைக்கும் மெஷின்) டூயோலின் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதில் என்ன கூடுதல்?

பதில்: 2.5 மி.லி. குப்பி ஒன்றில் லெவோசால்புடமால் 1.25 மி.கி., இப்ராட்ரோபியம் 500 மைக்ரோகிராம் இருக்கும். லெவோசால்புடமால் உங்கள் பம்பின் உறவுக்காரர்தான். சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும். கூடுதல் என்றால் இப்ராட்ரோபியம்தான். குழாயை இறுக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் கட்டளையை அது மறிக்கிறது. சி.ஓ.பி.டி.யில் இந்த வகை இறுக்கம் அதிகம். வேலை தொடங்கக் கால் மணி நேரமாகும். 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். அப்பா டயோட்ரோபியம் இன்ஹேலர் இழுக்கிறாரா? அதுவும் இதே குடும்பம். இரண்டும் சேர்ந்தால் வாய் வறளும், சிறுநீர் அடைக்கலாம். மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: மருந்து கொஞ்சமாகத் தெரிகிறது. கொதித்து ஆறிய தண்ணீர் கலக்கலாமா சார்?

பதில்: கூடாது. டிஸ்டில்டு வாட்டரும் கூடாது; உப்பில்லாத நீர் உள்ளே போனால் மூச்சுக்குழாய் இன்னும் சுருங்கும். 0.9% நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) மட்டுமே. மருத்துவர் சொன்னால் 1.5 மி.லி. சேர்த்து மொத்தம் 4 மி.லி. ஆக்குங்கள். எந்தக் கப்பிலும் கடைசியில் சுமார் 1 மி.லி. தங்கிவிடும், நிறைய ஊற்றினால் அதில் வீணாகும் மருந்து குறைவு. சலைனைச் சின்னக் குப்பியாக வாங்குங்கள். 100 மி.லி. பாட்டிலைத் திறந்து வாரக்கணக்கில் வைத்துக்கொண்டால் அது கிருமிப் பண்ணை.

கேள்வி: அரை மணி நேரமாகியும் தீர மாட்டேன் என்கிறது. மெஷின் சத்தம் சரியாகத்தான் வருகிறது.

பதில்: 10 நிமிடத்தில் முடிய வேண்டும். கப்பைத் திறந்து பாருங்கள். நடுவே காற்று வரும் ஊசித் துளை, அதன் மேல் தொப்பி மாதிரி கவிழும் சின்னத் துண்டு. கழுவும்போது தவறிச் சிங்க்கில் போவது அந்தத் துண்டுதான். அது இல்லாவிட்டால் மருந்து கொப்பளிக்குமே தவிர புகை வராது. துண்டு இருந்தால் துளையைப் பாருங்கள். பியூடெசொனைடும் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு) வைக்கிறீர்களென்றால் வெள்ளையாகப் படிந்து அடைத்திருக்கும். வெந்நீர், சோப்பில் ஊறவையுங்கள். குண்டூசி விட்டுக் குத்த வேண்டாம்: துளை அகன்றால் துளிகள் பெரிதாகித் தொண்டையிலேயே தங்கிவிடும். இதெல்லாம் சரியென்றால், மெஷினின் ஃபில்டர் சாம்பல் நிறமாகியிருக்கும், மாற்றுங்கள்.

டியூபைக் கழுவாதீர்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் கப்பைக் கழற்றிவிட்டு மெஷினைச் சில நிமிடம் ஓடவிடுங்கள்.

கேள்வி: மாஸ்க் எடுத்த பிறகு அம்மாவுக்கு ஒரு கண் மட்டும் மங்குகிறது.

பதில்: மூக்கோரம் மாஸ்க் இடைவெளி விட்டிருக்கும், அந்த வழியாக இப்ராட்ரோபியம் கண்ணில் பட்டுக் கண்பாவை விரிந்திருக்கும். மாஸ்க்கை விட்டு வாயில் கவ்வும் மௌத்பீஸுக்கு மாறுங்கள். கண் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வளையம் என்றால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். ஏற்கெனவே கண் அழுத்தத்துக்கு டிமொலால் சொட்டு விடுகிறார்களா? வீசிங்கைக் கிளப்புவதே அந்தச் சொட்டாக இருக்கலாம். பலரும் கண் மருந்தை மருந்தாகவே கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: பையனுக்கு 5 வயது, ஆஸ்துமா. பத்து நாளாக 3 வேளையும் டூயோலின் வைக்கிறோம். வைத்தால் நன்றாக இருக்கிறான், இரவில் மறுபடியும் இளைப்பு.

பதில்: அப்படித்தான் வரும். டூயோலின் குழாயைத் திறக்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. ஆஸ்துமாவில் இப்ராட்ரோபியத்துக்கு இடம் கடுமையான இழுப்பின் முதல் சில மணி நேரம்தான். தினமும் தேவைப்படுகிறதென்றால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை. இழுக்கும் ஸ்டீராய்டு பற்றி இந்த வாரமே பேசுங்கள். அழும் குழந்தைக்கு மாஸ்க்கைத் தள்ளிப் பிடித்துக் காட்டுவதில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். மாஸ்க் பொருத்திய ஸ்பேசரில் (பம்பை மாட்டும் பிளாஸ்டிக் குடுவை) பம்ப் அடித்தால் சாதாரண இழுப்புக்கு நெபுலைசருக்குச் சமமான பலன் உண்டு.

கேள்வி: பியூடெசொனைடை அதே கப்பில் கலக்கலாமா?

பதில்: கலக்கலாம், உடனே வைத்துவிட வேண்டும். அல்ட்ராசோனிக் மெஷினில் (ஒலி அதிர்வில் புகை எழுப்பும் வகை) வேண்டாம். முடிந்ததும் வாய் கொப்பளித்து முகம் கழுவுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும்.

கேள்வி: வீட்டில் ஆக்சிஜன் இருக்கிறது. மெஷினுக்குப் பதில் அதிலேயே நெபுலைசரை மாட்டலாமா?

பதில்: சி.ஓ.பி.டி. நோயாளிக்கு நீங்களாகச் செய்ய வேண்டாம். ஆக்சிஜன் மிதமிஞ்சினால் அவர்களில் பலருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். அவர்களுக்கு ரத்த ஆக்சிஜன் அளவின் இலக்கு பொதுவாக 88 முதல் 92%. 98 காட்டவில்லையே என்று குமிழைத் திருகுகிறவர்கள் கவனிக்க.

கேள்வி: எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்?

பதில்: ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம், தூக்கக் கலக்கம், வைத்து 3 மணி நேரத்துக்குள் மறுபடி தேவை: இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். திணறிக்கொண்டிருந்தவருக்கு வீசிங் சத்தம் திடீரென அடங்கினால் குணமானதாக நினைக்காதீர்கள். காற்றே போகவில்லை என்று அர்த்தம். வண்டி வரும்வரை ஸ்பேசரில் சால்புடமால், ஒவ்வொரு அழுத்தாக, 4 முதல் 10 வரை கொடுங்கள். படுக்கவைக்காமல் உட்காரவையுங்கள்.