பீ-சாட், சாட்: எது கடினம்?

(சாட், அதாவது SAT, அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கு எழுதும் பரீட்சை. பீ-சாட், PSAT, அதற்கு முன்னோட்டமாக எழுதுவது.)

ரீச்சர், மகன் ஒக்டோபரில் பீ-சாட் எழுதி 1180 எடுத்தான். சாட் இன்னும் கஷ்டமாமே, எவ்வளவு குறையும்? (ஒரு தாய், வெள்ளவத்தை)

குறையும் என்று பயப்பட வேண்டாம், அம்மா. இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றுதான். அன்றைக்கே சாட் எழுதியிருந்தாலும் ஏறக்குறைய அதே 1180தான் வந்திருக்கும். வித்தியாசம் உச்சியில் இருக்கிறது. சாட் 400 முதல் 1600 வரை, பீ-சாட் 320 முதல் 1520 வரை. சாட்டின் மேல் நுனியில் வரும் மிகக் கடினமான கேள்விகள் பீ-சாட்டில் இல்லை. உங்கள் மகன் நிற்கும் இடத்தில் அது பெரிதாகத் தெரியாது. அதேபோல, "பீ-சாட் புள்ளியோடு 80ஐக் கூட்டினால் சாட் புள்ளி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கணக்கு பிழை. கூட வேண்டிய புள்ளி படித்துத்தான் கூடும்.

சாட்டில் கேள்விகள் அதிகமா? (மாணவி, கொட்டாஞ்சேனை)

இல்லை. இரண்டிலும் 98 கேள்விகள், 2 மணி 14 நிமிடம். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதும் இல்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள்.

பீ-சாட் பயிற்சியில் கணிதம் சுலபமாகப் போகிறது. சாட் பயிற்சியில் இரண்டாம் பகுதியில் மாட்டிக்கொள்கிறேன். ஏன்? (மாணவன், பம்பலப்பிட்டி)

தம்பி, கணிதம் இரண்டு பகுதியாக வரும். முதல் பகுதியை நன்றாகச் செய்தவர்களுக்குத்தான் கடினமான இரண்டாம் பகுதி வரும். மாட்டிக்கொள்ளும் இடம்வரை வந்ததே நல்ல அறிகுறி. பீ-சாட்டிலும் இதே முறைதான், ஆனால் சாட்டின் கடினப் பகுதி இன்னும் ஒரு படி மேலே போகும். அதோடு, வட்டம் பற்றிய பாடம் சாட்டில் மட்டும் உண்டு. இப்படி ஒன்று வரும்:

x² + y² − 6x + 4y = 12. ஆரை என்ன?

பலர் 12ஐப் பார்த்ததும் வர்க்கமூலம் எடுக்கப் பாய்கிறார்கள். முதலில் வர்க்கப்பூர்த்தி செய்ய வேண்டும். இரு பக்கமும் 9ஐயும் 4ஐயும் கூட்டுங்கள்: (x − 3)² + (y + 2)² = 25. ஆரை 5. பரீட்சைத் திரையிலேயே, வரைபடம் வரையும் டெஸ்மோஸ் கணிப்பான் இருக்கிறது. சமன்பாட்டை அப்படியே அடித்தால் வட்டத்தின் உச்சி y = 3இல், அடி y = −7இல் தெரியும். விட்டம் 10, சரி, அதில் பாதி 5. இரண்டு வழியும் பழகுங்கள். ஆனால் கையால் செய்யத் தெரியாமல் திரையை மட்டும் நம்பிப் போகும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

பீ-சாட்டில் நல்ல புள்ளி எடுத்தால் நெஷனல் மெரிட் புலமைப்பரிசில் கிடைக்குமா? (ஒரு தந்தை, தெஹிவளை)

அது அமெரிக்கப் புலமைப்பரிசில். இலங்கையில் படிக்கும், அமெரிக்கக் குடியுரிமையோ அங்கே நிரந்தர வதிவிடமோ இல்லாத பிள்ளைக்குக் கிடைக்காது. பீ-சாட் புள்ளி பல்கலைக்கழகங்களுக்கும் போகாது.

மகள் உயர்தரமும் படிக்கிறாள். பீ-சாட் எழுதாமல் நேரே சாட் எழுதலாமா? (ஒரு தாய், வத்தளை)

தாராளமாக எழுதலாம். பீ-சாட் கட்டாயமில்லை. சாட் பரீட்சை நடக்கும் புளூபுக் செயலியிலேயே முழு மாதிரிப் பரீட்சைகள் இலவசமாக இருக்கின்றன. ரியூசன் இல்லாத ஒரு ஞாயிறு காலையில், கைபேசியை உங்களிடம் வாங்கி வைத்துக்கொண்டு, மடிகணினியில் ஒரே இருப்பில் ஒன்றைச் செய்ய விடுங்கள். நடுவில் 10 நிமிட இடைவேளை உண்டு, அப்போது தேநீர் கொடுங்கள். அதில் வரும் புள்ளியைப் பார்த்துவிட்டு, உயர்தரப் பரீட்சைக்கு முன் எழுதுவதா பின் எழுதுவதா என்று இருவரும் இருந்து பேசுங்கள்.