வென்டிலேட்டரை எடுக்கச் சொன்னால் அம்மாவைக் கொன்றதாக ஆகுமா?

ஆகாது. இனி மீள வழியில்லை என்று டாக்டர்கள் உறுதியாகச் சொன்ன பிறகு அதற்குச் சம்மதிப்பது கொலை அல்ல. 2018-இல் ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை அனுமதித்துவிட்டது.

உங்களைக் குத்துவது உங்கள் அண்ணன் இதற்குச் சொன்ன ‘கருணைக் கொலை’ என்ற சொல்தான் என்று நினைக்கிறேன். விஷ ஊசி போடுவதையும் பயனற்ற சிகிச்சையை நிறுத்துவதையும் அது ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. நம் பேச்சுக்கு வித்தியாசம் தெரியும்: ‘கொன்றுவிட்டான்’ வேறு, ‘போகவிட்டோம்’ வேறு. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட வேறுபாடுகள் அன்றாடச் சொற்களில் பொதிந்திருக்கின்றன என்று தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1956-இல் சொன்னது இதைத்தான்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். பயனில்லை என்று தெரிந்து முதல் நாளே குழாய் போடாமல் விட்டிருந்தால், அதைக் கொலை என்பீர்களா? என் அப்பாவுக்காக ஐசியு வாசல் பெஞ்சில் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்த பிறகுதான் கையெழுத்துப் போட முடிந்தது.

ஆனால் சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு பிள்ளை தண்ணீரில் மூழ்குவதைச் சொத்துக்காகப் பார்த்துக்கொண்டே நிற்பவனும் ‘சாகத்தான் விட்டேன்’ என்பான். தத்துவவாதி ஜேம்ஸ் ரேச்சல்ஸ் 1975-இல் காட்டிய உதாரணம் இது. அம்மா மீளக் கொஞ்சம் வாய்ப்பு இருந்தாலும் நான் சொன்னது பொருந்தாது. 2023-இல் திருத்திய விதிப்படி இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம், அவர்கள் கருத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.