காத்தாடி, சோலார், ஸ்மார்ட் மீட்டர்: நெல்லைச் சீமைக் கேள்விகளுக்குப் பதில்கள்

துணை மின்நிலையங்களிலும் காற்றாலைகள் (நம்ம பக்கம் காத்தாடி என்போம்) பக்கமும் பல காலம் வேலை பார்த்தவன் என்பதால் கரண்ட் சம்பந்தமாக எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டது. தெரிந்ததற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பாதிக் கேள்வி ஒன்றையே சுற்றி வருவதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: மாடியில் போடும் சாதாரண ஆன்-கிரிட் சோலார், அதாவது பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு இணைத்த சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். பழுது இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். போஸ்ட் மரத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது அல்லவா.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, 3 கிலோவாட் சோலார் போடுங்கள் என்று ஏஜெண்ட் தினமும் வருகிறார். போடலாமா?

போடலாம்மா, ஆனால் ஏஜெண்ட் பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் பழைய பில்லை எடுத்து வைத்து முடிவு செய்யுங்கள். 3 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 300 சதுர அடி மாடி வேண்டும். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 12 யூனிட் போல வரும். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்தான் ஓடுகிறது என்றால், அதில் 100 யூனிட் இலவசம் போக நீங்கள் கட்டுவதே கொஞ்சம், போட்ட காசு திரும்ப ரொம்ப வருஷம் ஆகும். ஏசி இருக்கிறது, பில் எகிறுகிறது என்றால் தாராளமாகப் போடுங்கள்.

தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அதோடு வரிசையாக இணைத்த மற்றதும் சேர்ந்து இறங்கும். அதனால் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்றரைக்கும் மாடி ஏறி நிழல் எங்கே விழுகிறது என்று நீங்களே பாருங்கள். எர்த் தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம், அதற்கெல்லாம் முன்னால் ஃபேனை மாற்றுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்று விற்கும் புது ரக மோட்டார் ஃபேன் 30 வாட் சுற்றில் அதே காற்றைத் தரும். செலவைக் குறைத்துவிட்டு சோலார் போட்டால் சின்னதாகப் போட்டாலே போதும்.

வள்ளியூர்: சுற்றிலும் காத்தாடி, பக்கத்தில் கூடங்குளம். அப்படியும் எங்கள் தெருவில் மட்டும் கரண்ட் போகுதே, எங்கே கொண்டுபோகிறார்கள்?

எல்லாரும் கோபத்தோடு கேட்பது இது, கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் உங்கள் தெருவில் கரண்ட் போவதற்கும் கூடங்குளத்தின் இரண்டு 1,000 மெகாவாட் உலைகளுக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. அங்கே உற்பத்தியாவது உயர் அழுத்தக் கம்பியில் ஏறி நாடு முழுக்க இணைந்த கிரிட் என்னும் மின்கம்பி வலையில் கலந்துவிடும். 2013 டிசம்பர் 31 வரை தென்னிந்திய கிரிட் தனியாக ஓடியது, அன்றுதான் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாக மற்ற இந்தியாவோடு ஒரே துடிப்பில் இணைந்தது. அதற்கு முன் ஆடி மாதக் காற்றில் மிஞ்சியதை வடக்கே அனுப்ப வழி குறைவு, காத்தாடியை நிறுத்தச் சொல்லித்தான் போன் வரும்.

உங்கள் தெருக் கோளாறு கடைசி அரைக் கிலோமீட்டரில் இருக்கிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குக் கீழே இருக்கும் பெட்டியைத் திறந்தால் தெரியும். ஒற்றை இழை பியூஸ் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் மூன்று நாலு இழையை முறுக்கிப் போட்டிருக்கும், கேபிள் நுனி கருகி, உறை உருகி ஒழுகி நிற்கும். அந்த டிரான்ஸ்பார்மரை வைத்தபோது தெருவில் ஏசி கிடையாது. இன்று வீட்டுக்கு ஒன்று. இரவு எட்டு மணிக்கு எல்லாரும் போட்டால் அது தாங்காது. நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கூடுதல் டிரான்ஸ்பார்மர் கேட்டு எழுதிக் கொடுங்கள். கூடவே, வீட்டில் ஏசி சேர்த்தவர்கள் அனுமதி வாங்கிய லோடை (உங்கள் வீடு இழுக்கலாம் என்று மின்வாரியக் கணக்கில் உள்ள அளவை) உயர்த்திப் பதிவு செய்யுங்கள். கணக்கில் வராத லோடுக்கு யாரும் டிரான்ஸ்பார்மர் தரமாட்டார்கள்.

தென்காசி: ஸ்மார்ட் மீட்டர் வேகமாக ஓடுமாமே?

ஓடாது. பழைய மீட்டர் எண்ணும் அதே யூனிட்டைத்தான் எண்ணும். கால் மணி, அரை மணிக் கணக்கில் குறித்துத் தானே அனுப்பும், அதுதான் வித்தியாசம். சந்தேகம் இருந்தால் சோதனை மீட்டர் வைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம்.

மேலப்பாளையம்: சோலார் போட்டால் கரண்ட் போகும்போது ஃபேன் ஓடுமா அண்ணாச்சி?

ஓடாது தம்பி, முதல் பத்தியைப் பாருங்கள். ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், விலை கூடும்.

திருநெல்வேலி டவுன், கல்லூரி மாணவி: 2017-ல் நம்ம ஊரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்த்தார்கள். கார்பன் குறைந்த நகரமாக நெல்லையை மாற்ற உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஸ்மார்ட் சிட்டிக்குள் ஓடும் கரண்ட் அமைப்பைத்தான் ஸ்மார்ட் கிரிட் என்கிறார்கள், அது மீட்டரை மாற்றுவது என்று நினைத்துவிடுகிறார்கள். கரண்ட் எப்போது நிறைய வருகிறதோ அப்போது செலவழிக்கும்படி ஊரைப் பழக்குவதுதான் அதன் வேலை. காற்றின் வேகம் பாதியானால் காத்தாடி தரும் மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகும் கணக்கு அது. சோலார் ஆறு மணிக்குப் படுத்துவிடும். நாமோ ஆறு மணிக்குத்தான் எல்லா சுவிட்சையும் போடுகிறோம். அந்த இடைவெளியை இன்று நிலக்கரிதான் பெரும்பாலும் நிரப்புகிறது. கிரிட்டிலிருந்து வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு.

மாநகராட்சிக்கு வரும் கரண்ட் பில்லில் பெரும்பங்கு தெருவிளக்கும் தண்ணீர் பம்பும். தாமிரபரணியிலிருந்து மேல்நிலைத் தொட்டிகளுக்கு நீர் ஏற்றும் மோட்டார்களைப் பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை ஓட்டினால் வெயில் கரண்டில் ஊருக்குத் தண்ணீர் ஏறிவிடும். ஆனி ஆடியில் இரவிலும் காற்று விடாது, அப்போது இரவில் ஓட்டலாம். தொட்டி நிறைந்திருந்தால் மாலை ஆறிலிருந்து பத்து வரை ஒரு மோட்டாரும் ஓட வேண்டியதில்லை. பேட்டரி வாங்காமலே ஊரில் ஏற்கெனவே நிற்கும் பேட்டரி இந்தத் தொட்டிகள். இதையே பெரிதாகச் செய்வதுதான் ஆனைமலைப் பக்கம் காடம்பாறை, மிஞ்சும் கரண்டில் நீரை மேலே ஏற்றித் தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். மின்சார பஸ் வந்தால் அதையும் பணிமனையில் மாலையில் சார்ஜ் போடாமல் மதியமோ நள்ளிரவோ போடும்படி இப்போதே திட்டமிட வேண்டும்.

அடுத்தது சூடு. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, கத்திரி வெயிலை ஒட்டிய நாள். வெறும் காங்கிரீட் மாடி பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் அறைக்குள் கக்கும். மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் காலில் தெரியும். இதைக் கட்டிட அனுமதியிலேயே சேர்க்கலாம். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று நின்ற மரங்களை வெட்டிவிட்டு ஏசி கரண்டுக்கு எங்கே போவது? டவுன் ரத வீதிகளில் இன்றும் நடந்தே எல்லா வேலையையும் முடிக்கலாம், கடை, கோயில், பஸ் எல்லாம் கைக்கெட்டும். அந்த நெருக்கம்தான் நம் பலம். ஊரைப் புறவழிச்சாலை நெடுக இழுத்துக்கொண்டே போனால் கம்பி, குழாய், பெட்ரோல் எல்லாமே நீளும்.

கூடங்குளம்: கதிர்வீச்சு பற்றி…

என் துறை இல்லை, தெரிந்தவரைக் கேளுங்கள்.

ராதாபுரம், விவசாயி: காத்தாடி வந்த பிறகு எங்கள் பக்கம் மழை இல்லை. மேகத்தை அடித்துத் துரத்துகிறது. ஒத்துக்கொள்வீர்களா?

ஒத்துக்கொள்ள மாட்டேன் ஐயா. காத்தாடி முழு வீச்சில் சுற்றுவது வைகாசியிலிருந்து புரட்டாசி வரை, தென்மேற்குக் காற்றில். அந்தக் காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே இறக்கிவிடும், நாம் மலை மறைவில் இருக்கிறோம். காத்தாடி வருமுன்னும் இப்படித்தான். நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது, அப்போது பாதி காத்தாடி சும்மா நிற்கும். இறக்கை நுனி 200 மீட்டருக்குள்தான், மழை மேகம் பெரும்பாலும் பல நூறு மீட்டர் மேலே போகும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோதும் தென்மாவட்டக் காத்தாடிகள் எல்லாம் நின்ற இடத்தில்தான் நின்றன.

பணகுடி: காயல்பட்டினம் கடலோரம். நாங்கள் மலையடிவாரம். எங்கள் குளம் நிறைவதில்லை, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

நாங்குநேரி: காத்தாடி பக்கம் நிலம் சூடாகிறது என்று ஆய்வே இருக்கிறதே.

இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஆய்வு இருக்கிறது. டெக்சாஸில் காற்றாலைகள் நெருக்கமாக உள்ள இடத்தில் இரவில் தரைச் சூடு கொஞ்சம் கூடியதைச் செயற்கைக்கோள் அளவுகளில் கண்டு 2012-ல் வெளியிட்டார்கள். மேலே இருக்கும் சூடான காற்றை இறக்கைகள் கீழே கலக்குவதால் வருவது அது. மழை நின்றதற்கு அது சான்று ஆகாது.

குளம் நிறையவில்லை என்பதை நான் மறுக்கவே இல்லை. காத்தாடியின் கோபுரத்தையும் இறக்கையையும் கொண்டுவரக் கனரக வண்டிக்குப் பாதை போடுவார்கள். அந்தப் பாதை ஓடையைத் தாண்டும் இடத்தில் பாலம் கட்டாமல் மண்ணைக் கொட்டி மேடாக்கியதை நானே பல இடத்தில் பார்த்திருக்கிறேன். மழை பெய்யும், நீர் வரும், மேட்டில் முட்டி வேறு பக்கம் திரும்பிப் பக்கத்துத் தோட்டத்தை அறுத்துக்கொண்டு போய்விடும். குளத்துக்காரர் வானத்தைப் பார்க்கிறார், தப்பு பாதையில் இருக்கிறது. காற்று மின்சாரம் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பேசியவன் நான், அதற்காகக் குளத்துக்கு வரும் வழியை அடைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

முக்கூடல்: மின்தடை நேரத்தில் சோலார் வேலை செய்யுமா?

முதல் பத்தி. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள், இதற்கு இனி பதில் எழுதப் போவதில்லை.

கயத்தாறு: இ-ஸ்கூட்டர் பேட்டரி வாரண்டி…

விற்ற கடையில் கேளுங்கள்.

பணகுடி (மறுபடியும்): அண்ணாச்சி, பாதையால் ஓடை அடைபட்டது என்றால் எங்கே போய்ச் சொல்வது?

கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் சர்வே எண்ணுக்குப் புலப்படம் (நில அளவை வரைபடம்) வாங்குங்கள், ஓடை அதில் கோடாகக் காட்டியிருக்கும். பாதை அதை எங்கே வெட்டுகிறது என்று படத்தில் குறித்து, அந்த இடத்தைப் போட்டோ எடுத்து, குளத்துப் பாசனக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். மனுவில் காத்தாடியை எடுக்கச் சொல்லாதீர்கள், ஓடை அகலத்துக்குக் குழாய்ப் பாலம் போடச் சொல்லுங்கள். சின்னக் குழாய் ஒன்றைப் புதைத்துச் சமாளிக்க வருவார்கள், விடாதீர்கள், வெள்ளத்தில் வரும் முள்ளும் சருகும் அதை ஒரே நாளில் அடைத்துவிடும். ஐப்பசி பிறப்பதற்குள் வேலை முடிய வேண்டும், அதனால் இந்தத் திங்களே போங்கள்.