அந்த ஒரு வினைச்சொல்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் வரலாற்றுப் பாடத்தை மூடிவைத்துவிட்டு, "அந்த மதத்துக்காரங்க எல்லாரும் கெட்டவங்கதானேப்பா?" என்று கேட்கிறாள். ஒரு பாடப்புத்தகம் இவ்வளவு செய்யுமா சார்?

பதில்: செய்யும். சீனாவில் 2004 முதல் 2010 வரை மாகாணம் மாகாணமாக மேல்நிலைப் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். புதுப் புத்தகம் படித்தவர்களுக்கு அரசின்மேல் நம்பிக்கை கூடியிருந்ததைப் பிறகு ஆய்வாளர்கள் கண்டார்கள். 1945-ல் ஜப்பான் தோற்றதும், அதுவரை மனப்பாடம் செய்த போர்ப் பெருமை வரிகளைப் பிள்ளைகளையே தூரிகையால் மைபூசி மறைக்கச் சொன்னார்கள். புத்தகத்துக்குப் பலம் இல்லையென்றால் மை எதற்கு?

இருபத்தெட்டு வருஷம் வரலாறு நடத்தியவன் நான். விஷமம் பெரும்பாலும் வினைச்சொல்லில்தான் இருக்கும். நம்மவர் போனால் 'வென்றார்'. அடுத்தவர் வந்தால் 'சூறையாடினார்'. இரண்டு பக்கமும் எரிந்தது ஊர்தான். (நானும் பல வருஷம் கவனிக்காமல் அப்படியே வாசித்தவன்தான்.)

மகளைத் திட்டாதீர்கள். "எந்த வரி உனக்கு அப்படித் தோணவெச்சது?" என்று விரல்வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சில சமயம் அது வரியாகவே இருக்காது, முறைத்துப் பார்க்கும் ஒரு படமாக இருக்கலாம். பரீட்சையில் மட்டும் புத்தகத்தில் உள்ளதையே எழுதட்டும், இல்லாவிட்டால் மார்க் போய்விடும்.