நாணய அருங்காட்சியகத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: "காசு, நோட்டு வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடத்துக்குப் போனால் பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது. எல்லாம் வட்ட வட்டமாக ஒன்றுபோலவே இருக்கின்றன. ரசித்துப் பார்க்க வழி உண்டா?"

உண்டு. ஆனால் சலிப்பு உங்கள் குற்றம் மட்டும் இல்லை. நான் முதன்முதலில் போன கூடத்தில் நூற்றுக்கணக்கான காசுகளை இடுப்பளவு உயரப் பெட்டிகளில் படுக்க வைத்திருந்தார்கள். கண்ணாடியில் காசைவிட என் முகம்தான் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொன்றின் கீழும் அரசர் பெயர், ஆண்டு, உலோகம், எடை, அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

அன்று நான் அரசர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் காசின் மேல் இருக்கும் காயங்களைப் பார்க்கிறேன். வெட்டு, குத்து, கீறல், விளிம்புத் தேய்மானம், மேலே இன்னொருவர் அடித்த முத்திரை. அரசர் வெளியிட்ட காசை வாங்கியவர் நம்பினாரா இல்லையா என்பதற்கு அவைதான் சாட்சி. தமிழில் நாணயம் என்றால் காசும்தான், நேர்மையும்தான். கண்ணாடிக்குள் இருக்கும் நாணயத்திடம் நாணயம் இருந்ததா என்று துருவுவதுதான் என் விளையாட்டு.

பெரும்பாலான கூடங்கள் லிடியாவில் ஆரம்பிக்கும். இன்றைய மேற்குத் துருக்கி, கி.மு. 7ஆம் நூற்றாண்டு, சிங்கத்தலை பொறித்த குட்டிக் காசுகள். தங்கமும் வெள்ளியும் இயற்கையாகவே கலந்திருக்கும் எலக்ட்ரம் என்ற உலோகம். ஒவ்வொரு கட்டியிலும் தங்கத்தின் அளவு வேறுபடும் என்பதால், பார்த்த மாத்திரத்தில் மாற்று, அதாவது தங்கத்தின் தரம், சொல்ல முடியாது. எடுத்த எடுப்பிலேயே சந்தேகம்! அப்புறம் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் குரோசஸ் மன்னர் காலத்தில் இரண்டையும் பிரித்துத் தங்கத்தில் தனி, வெள்ளியில் தனி என்று அடித்தார்கள். இதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

நின்று பார்க்க வேண்டியது ஏதென்ஸின் ஆந்தைக் காசு. ஒரு பக்கம் அதீனா தேவி, மறுபக்கம் ஆந்தை. சுமார் 17 கிராம் வெள்ளி. அழகாக இருப்பதைத்தான் நடுவில் வைத்து விளக்குப் போடுவார்கள். நீங்கள் ஓரத்தில் இருக்கும் ஒன்றைத் தேடுங்கள். ஆந்தையின் மேல் உளியால் ஆழமாக வெட்டியிருக்கும். எகிப்திலும் மேற்காசியாவிலும் கிடைத்தவற்றில் இத்தகைய வெட்டு நிறைய. உள்ளேயும் வெள்ளிதானா என்று பார்க்க, வாங்கியவர் போட்ட வெட்டு அது. காரணம் இல்லாமல் இல்லை. செம்பின் மேல் வெள்ளித் தோல் போர்த்திய கள்ளக்காசுகள் உலவின. போதாக்குறைக்கு, ஸ்பார்டாவோடு நடந்த பெலொப்பொனேசியப் போரின் கடைசி ஆண்டுகளில் வெள்ளி தீர்ந்துபோனபோது ஏதென்ஸ் அரசே அப்படிப்பட்ட காசை வெளியிட்டது.

இதற்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. கி.மு. 375இல் ஏதென்ஸ் ஒரு சட்டத்தைக் கல்லில் வெட்டி வைத்தது. அந்தக் கல் 1970இல் அகழாய்வில் கிடைத்தது. சந்தையில் காசு பரிசோதிக்க அரசுக்குச் சொந்தமான ஓர் அடிமை உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அவர் அதை அங்கேயே வெட்டிப்போட வேண்டும். அவர் பாஸ் செய்த காசை வாங்க மறுக்கும் வியாபாரியின் சரக்கு பறிமுதல். பரிசோதகர் தன் வேலையைச் செய்யவில்லை என்றால் அவருக்கு 50 கசையடி. இதைப் படித்த பிறகு ஆந்தைக் காசைப் பார்த்தால் சந்தை இரைச்சலே காதில் விழும்.

அடுத்தது விளிம்பு. கூடங்கள்மேல் எனக்குள்ள தீராத குறை இதுதான்: காசைப் படுக்க வைத்துவிடுவதால் விளிம்பு தெரிவதே இல்லை. ஆனால் திருட்டு நடந்தது அங்கேதான். வெள்ளிக்காசின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்துச் சேர்த்து உருக்கினால் லாபம், காசும் செலாவணியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் இங்கிலாந்தில் 1662 முதல் பெரிய காசுகளின் விளிம்பில், அலங்காரமும் அரணும் என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தைப் பொறித்தார்கள். பழைய கத்தரிபட்ட காசுகளை எல்லாம் திரும்பப் பெற்று மறுபடி அடிக்கும் பெரிய வேலை 1696இல் தொடங்கியது. அதே ஆண்டில் நாணயச்சாலைப் பொறுப்புக்கு வந்தவர் ஐசக் நியூட்டன். உங்கள் பையில் இருக்கும் காசின் வரிவரியான விளிம்பும் அந்தப் பயத்தின் மிச்சம்தான்.

மேல்முத்திரைக் காசுகள் வேறு ரகம். ஸ்பானிய வெள்ளி டாலர் உலகமெல்லாம் சுற்றியது. சீனாவில் கை மாறியபோது வியாபாரிகள் ஆளுக்கொரு குறியை அதன்மேல் குத்தினார்கள். சில காசுகளில் அரசர் முகமே மறைந்துபோயிருக்கும். சேதமான காசு என்று ஒதுக்குவோரும் உண்டு. எனக்கு அது கையெழுத்துகள் நிறைந்த சான்றிதழ். 1797இல் சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இங்கிலாந்து வங்கியும் இதே டாலரில் ஸ்பானிய மன்னரின் கழுத்தில் தங்கள் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பொடித்தலை ஒன்றை அடித்து வெளியிட்டது. முட்டாளின் தலை கழுதையின் கழுத்தில் என்று மக்கள் கேலி செய்தார்கள். 1813இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் மக்வாரி இன்னும் ஒரு படி மேலே போனார். 40,000 டாலர்களை வாங்கி நடுவில் ஓட்டை போட்டு, வளையத்தை ஒரு காசாகவும் வில்லையை இன்னொரு காசாகவும் ஆக்கினார். ஓட்டைக்காசு காலனியை விட்டு வெளியே போகாது என்ற கணக்கு.

சரி, நோட்டுக்கு வருவோம். அந்தப் பகுதி இருட்டாக இருந்தால் திட்டாதீர்கள். காகிதமும் மையும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால் வெளிச்சத்தைப் பொதுவாக 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்குள் வைப்பார்கள். இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும்.

சீனத்து மிங் ஆட்சியில் 1375 முதல் வெளியான நோட்டு எங்காவது இருந்தால் விடாதீர்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. மல்பெரிப் பட்டைக் காகிதம், சாம்பல் நிறம், ஒரு புத்தகப் பக்கத்தைவிடப் பெரியது. நடுவில் கயிற்றில் கோத்த செப்புக்காசுச் சரங்களின் படம். இந்தக் காகிதம் ஆயிரம் காசுக்குச் சமம் என்று படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டுமே. கீழே எச்சரிக்கை: கள்ள நோட்டு அடித்தால் தலை போகும், காட்டிக்கொடுப்பவருக்கு 250 லியாங் (சீன எடை அளவு) வெள்ளி. பரிசை நோட்டாகத் தருகிறேன் என்று அச்சடித்தவர்களே சொல்லவில்லை, கவனித்தீர்களா? நோட்டின் மதிப்பு பின்னர் சரிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஸ்வீடனின் செப்புத் தகடு இருந்தால் அதையும் பாருங்கள். 1644இல் வெளியான 10 தாலர் (ஸ்வீடனின் அன்றைய பணம்) தகடு ஒன்றின் எடை ஏறக்குறைய 20 கிலோ. ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு 1661இல் அதே நாட்டில் பிறந்தது ஏன் என்று பக்கத்தில் யாரும் விளக்கத் தேவையில்லை. கையிருப்பை மீறி நோட்டு அடித்ததால் அந்த வங்கி சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது, அது தனிக்கதை.

பணவீக்க நோட்டுகளில் எல்லாரும் சுழியங்களை எண்ணுவார்கள். 1946இல் ஹங்கேரி புழக்கத்தில் விட்ட மிகப்பெரிய நோட்டின் மதிப்பு, 1க்குப் பின்னால் 20 சுழியம். ஆனால் நோட்டில் அந்தச் சுழியங்களைத் தேடினால் கிடைக்காது. "பத்து கோடி பி-பெங்கோ" என்று எழுத்தில் முடித்துவிட்டார்கள்; அந்த "பி" ஒரு லட்சம் கோடியைக் குறிக்கும். பழைய படம், புது நிறம், பெயரில் ஒரு திருத்தம். அச்சகத்தின் அவசரம் அப்படியே தெரியும்.

நடைமுறைக்கு ஒன்று. நகைக்கடைப் பூதக்கண்ணாடியைக் கொண்டுபோய் ஏமாந்திருக்கிறேன். அதைக் காசுக்கு ஓர் அங்குலத்துக்குள் பிடித்தால்தான் தெரியும், பெட்டிக் கண்ணாடி விடாது. செல்போன் கேமராவில் ஜூம் செய்வதே மேல், ஃபிளாஷை அணைத்துவிட்டு.

அப்படி ஜூம் செய்து பார்க்க நான் சொல்வது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 1903ஆம் ஆண்டுப் பென்னி ஒன்றை. ஏழாம் எட்வர்ட் மன்னரின் பக்கவாட்டு முகத்தின் மேல், "பெண்களுக்கு வாக்குரிமை" என்று ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் அடித்திருப்பார்கள். அடித்தவர் யார் என்று தெரியாது. அவர் சந்தேகப்பட்டது உலோகத்தை அல்ல. அடித்துவிட்டு, அந்தப் பென்னியைச் சில்லறையோடு சில்லறையாகச் செலவு செய்துவிட்டார்.